தினம் ஒரு படி

திருத்தணிகை மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது அடியார்களின் நம்பிக்கை. டிசம்பர் 31 அன்று படிதோறும் மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி பஜனைக் குழுவினர் மலையேறுவர். ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைத் தேடிச் சென்று வணங்கி நின்ற வழக்கத்தை மாற்ற, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த விழா இது. துரை வீட்டுக்குப் போகாதே என்று தடுத்ததோடு சுவாமிகள் நின்றுவிடவில்லை. போவதற்கு வேறோர் இடத்தையும், உடன் வருவதற்கு ஒரு கூட்டத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

குடியை விட எண்ணுபவனுக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

கே.ஜி.கண்டிகை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மகனை அழைத்து வந்து, தணிகேசன் சன்னிதியில் சத்தியம் செய்வித்துக் கையில் கயிறு கட்டும் தாய்மார்கள் உண்டு. அந்த மகன் மனமாரத்தான் சத்தியம் செய்கிறான். ஆயினும் மலையிறங்கிச் சென்றால் அதே தெரு, அதே நண்பர்கள், அதே மாலைப்பொழுது. சில வாரங்களில் சத்தியம் தவறுகிறது. தெய்வக் குற்றம் வந்துவிடுமே என்று தாய் நடுங்குகிறாள். குற்ற உணர்வு தாளாமல் மகன் மேலும் குடிக்கிறான். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. நோய்க்கு வேண்டுதலும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும், தொடர்ந்த காவலும் வேண்டும்.

அந்தக் காவலாக விளங்குவது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் ஏ.ஏ. அமைப்பு. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார் பில் வில்சன் என்னும் பங்கு வணிகர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது, மதுக்கடை அழைத்தது. அப்போது அவர் தேடியது, தம்மைப் போலவே துன்புறும் மற்றொரு குடிநோயாளியை. பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் கிடைத்தார். ஒருவர் மற்றவருக்குத் துணையாகப் பேசியதில் இருவருமே கரையேறினர். மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியே அமைப்பின் பிறந்த நாள். இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957இல் வந்தது. சென்னையில் இன்று பல குழுக்கள் கூடுகின்றன. தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன.

கூட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடைபெறும். ஒருவர் எழுந்து, தாம் எப்படி இருந்தார், என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். 'இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்' என்பதே அங்கு எடுக்கும் உறுதி. தவறி விழுந்தவர் மறுபடியும் வரலாம், ஏசுவார் எவருமில்லை.

முதியோருக்குச் சில தயக்கங்கள் எழுவது இயல்பு. ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் முதலாவது. அங்கு முழுப் பெயரோ முகவரியோ கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது நெறி. பல கூட்டங்கள் மாதாகோவில் கூடங்களிலும் பள்ளிகளிலும் நடைபெறுவதால், மதம் மாற்றுவார்களோ என்ற ஐயம் அடுத்தது. இடம் மட்டுமே அவர்களுடையது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சாராதது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் வரும் இறைவன், அவரவர் உணர்ந்த இறைவனே. முருகனை நினைத்தும் அமரலாம். கட்டணம் கிடையாது, குடியை விடவேண்டும் என்ற விருப்பமே தகுதி.

கூட்டத்தைக் கண்டறிய, 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைத்து அருகிலுள்ள சிகிச்சை மையத்தை அறியலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். அத்தகைய மையங்களில் ஏ.ஏ. கூட்டங்கள் நடைபெறும் இடங்களைக் கேட்டறியலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். விரதம் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

குடும்பத்தாருக்கும் துணை உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் நிறுவிய 'அல்-அனான்' குழுக்களில் குடிநோயாளிகளின் மனைவியரும் பெற்றோரும் கூடுகிறார்கள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் அது நடத்தும் டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை அளிக்கப்படுகிறது. மகனின் கடனை ஓய்வூதியத்தில் அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று சொல்லி மறைப்பதும் பாசத்தால் செய்பவைதாம். ஆனால் அவை நோயையே வளர்க்கின்றன. எதைச் செய்வது, எதை விடுவது என்பதை இத்தகைய இடங்களில் பெற்றோர் கற்றுக்கொள்ளலாம். மகன் வர மறுத்தாலும் தாய் மட்டும் முதலில் போகலாம்.

கிருத்திகைக்குத் தணிகை மலைக்கு மகனை அழைத்துச் செல்லும் தாய், வேண்டுதலை முடித்துக் கீழே இறங்கிய அன்றே அந்த உதவி எண்ணை அழைக்கட்டும். சன்னிதியில் எடுத்த உறுதியை நாள்தோறும் காக்க, அவன் பக்கத்தில் அமர நான்கு பேர் கிடைப்பார்கள். அவர்களை அனுப்புபவனும் தணிகேசனே.