பள்ளிக்கூடமும் தேச ஒற்றுமையும்

1870ஆம் ஆண்டில் மூண்ட யுத்தத்தில் ஜெர்மானியரிடம் தோற்று, அல்ஸாஸையும் லொரெய்னின் ஒரு பகுதியையும் பறிகொடுத்து, தலைநகரிலேயே சகோதர ரத்தம் சிந்தக் கண்ட பிரெஞ்சு தேசம், பிளவுபட்டுக் கிடந்த தன் ஜனங்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடத்திடம் ஒப்படைத்தது. ஜூல் ஃபெரியின் முயற்சியால் 1881இல் ஆரம்பக் கல்வி இலவசமாயிற்று. மறு ஆண்டில் 6 வயது முதல் 13 வயது வரை அது கட்டாயமாக்கப்பட்டதோடு, மதபோதனையும் அரசாங்கப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. அந்த யுத்தம் மூண்டபோது லொரெய்ன் பிரதேசத்து எப்பினால் நகரில் யூத மதகுரு ஒருவரின் பன்னிரண்டு வயது மைந்தனாக இருந்தவர்தான், பிற்காலத்தில் பொர்தோ சர்வகலாசாலையிலும் பாரிஸ் ஸொர்போனிலும் வருங்கால உபாத்தியாயர்களுக்கு ஆசானாக அமர்ந்த சமூகவியல் அறிஞர் எமில் டர்க்கைம்.

சமூகம் நிலைபெறுவதற்கு ஒவ்வொரு ஸ்தாபனமும் என்ன காரியம் செய்கிறது என்று கேட்பதே அவருடைய வழி. தொழில்கள் பலவாகப் பிரிந்து, மதத்தின் பிடியும் தளர்ந்துவிட்ட காலத்தில், தையற்காரனையும் வக்கீலையும் சுரங்கத் தொழிலாளியையும் ஒரே தேசத்துப் பிரஜைகளென்று உணரவைப்பது எது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை பள்ளிக்கூடம். வீட்டில் அன்பின் பொருட்டுக் கீழ்ப்படியும் குழந்தை, வகுப்பறையில், எவருக்கும் சலுகை காட்டாத பொது விதிக்குக் கீழ்ப்படியப் பழகுகிறது. நாளைக்குச் சட்டத்தை மதிக்கும் பிரஜை அங்கேதான் உருவாகிறான் என்பது அவர் சித்தாந்தம். இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறதென்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பிரெத்தாஞ் பிரதேசத்துக் குடியானவனின் பிள்ளை பள்ளியில் பிரெத்தோன் என்னும் தன் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசிவிட்டால், ஒரு மரத்துண்டையோ பழைய மரச்செருப்பையோ அவன் கழுத்தில் மாட்டி, அடுத்து அப்படிப் பேசுகிறவனைக் காட்டிக்கொடுத்தால்தான் அது நீங்கும் என்று வைத்திருந்த வழக்கத்தை எண்ணும்போது, அந்த ஒற்றுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமலிருக்க முடியவில்லை. சமூகம் முழுவதற்கும் பொதுவானவை என்று போதிக்கப்பட்ட மதிப்புகள் பெரும்பாலும் பாரிஸ் நகரத்துக் கற்றோரின் மதிப்புகளே. அன்றியும், லிஸே என்னும் உயர்தரப் பாடசாலைகள் தமக்கென ஆரம்ப வகுப்புகளையும் வைத்துக்கொண்டு, 1930கள் வரையில் சம்பளம் வாங்கியே கற்பித்து வந்தபடியால், செல்வர் வீட்டுப் பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்ததே அபூர்வம்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டால்காட் பார்ஸன்ஸ் 1959இல் டர்க்கைமின் கொள்கையை மேலும் கொண்டுசென்று, பிறப்பால் வந்த அந்தஸ்தை ஒதுக்கிச் சாதனையைக் கொண்டே பிள்ளைகளைத் தரம்பிரித்து உரிய தொழில்களுக்கு அனுப்புவது வகுப்பறையின் பணி என்று வாதித்தார். ஐந்தே ஆண்டுகளில், பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர்களான பியர் பூர்தியுவும் ழான் குளோத் பாஸ்ஸரோனும், பேச்சு, வாசிப்பு, ரசனை முதலியவற்றை வீட்டிலேயே பெற்றுவரும் பிள்ளைகளின் பரம்பரை ஆஸ்திக்குத்தான் பரீட்சை தகுதியென்று முத்திரையிடுகிறது என்று பிரான்சின் மாணவர்களையே உதாரணமாக வைத்துக் காட்டினார்கள். தோற்றுப்போன ஏழைப் பிள்ளை, முறையைக் குறைகூறாமல் தன் புத்தியையே நொந்துகொள்கிறான் என்பதே இதில் எனக்கு மிகப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

பள்ளியின்றிச் சமூகம் நிலைக்காது என்ற அளவில் டர்க்கைமின் கொள்கை மெய். நிலைத்திருக்கும் ஸ்தாபனம் எல்லோருக்கும் நன்மையே செய்கிறது என்று அதிலிருந்து முடிவுகட்டுவது பிழை. பிரெத்தோன் மொழியைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாகக் கற்பிக்க 1951இல் பிரெஞ்சுச் சட்டம் இடங்கொடுத்தது. அதனால் அந்தத் தேசத்தின் ஒற்றுமை எள்ளளவும் குலையவில்லை.