மலிவுக் காபன் பிரேம்

சைக்கிளோட்டப் பிரியரான உங்கள் மகன், "பெரிய கம்பனியின் காபன் பிரேம் கால் விலைக்குக் கிடைக்கிறது உம்மா" என்று வந்து நின்றால், உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

காபன் நாரைப் பிசினில் தோய்த்து, படைபடையாக அடுக்கிச் சூட்டில் இறுக்கியே இந்த பிரேமைச் செய்கிறார்கள். இடையில் காற்றுக்குமிழி தங்கினாலும், பிசின் சரியாக இறுகாவிட்டாலும் அவ்விடம் பலவீனமாகிவிடும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்துவிடும். இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். காபனோ திடீரென முறியும். முன்கவை முறிந்தால் பிள்ளை முகங்குப்புற விழுவான்.

சைக்கிள்களின் பாதுகாப்புக்கென ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம் உண்டு. போலியில் ஒட்டிய பெயர், அந்தச் சோதனைகளைத் தாண்டியதற்கு அத்தாட்சியாகாது. உடைந்தால் பெயருக்குரிய கம்பனியும் பொறுப்பேற்காது.

காபன்தான் வேண்டுமென்றால், கம்பனியின் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் வாங்குங்கள். வசதியில்லையா? நல்ல அலுமினியம் அல்லது இரும்பு பிரேம் போதும். பாரம் சற்றுக் கூடும். பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்வான்.