கட்டிப்போட்டாலும் குட்டி போடாதது

எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. விருந்தாளிகளுக்கு பஜ்ஜி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தட்டு. இப்போது அதில் 16 இலைகள் படுத்திருக்கின்றன, தர்மாஸ்பத்திரி வார்டு மாதிரி. காலையில் காபி டம்ளரோடு ரவுண்ட்ஸ் போகிறேன். நேற்று மூன்று பேர் போய்விட்டார்கள்.

எல்லாம் ஊட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த எச்செவேரியா என்ற செடியின் இலைகள். சாம்பல் பூத்த பச்சையில் சின்னத் தாமரை போலிருக்கும், ஓரம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். "ஒரு இலையைக் கிள்ளிப் போடுங்க சார், அதுவே வந்துடும்" என்றார் விற்றவர். ஊட்டியில் வரும். இதன் பூர்வீகம் மெக்சிகோ மேட்டுநிலம். தண்ணீர் வீணாகாமலிருக்கப் பகலெல்லாம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் திறந்து காற்றை வாங்கும் ஜாதி. சென்னையில் மே மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? மொட்டைமாடிக்குப் போயும் எனக்கே காற்று கிடைப்பதில்லை.

போகட்டும். கிள்ளிப் போடச் சொன்னாரே, கிள்ளவே கூடாதாம்! ஏழு இலையைப் பாழாக்கிய பிறகு தெரிந்துகொண்டேன். இலையைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, தண்டோடு ஒட்டியிருக்கும் அடிப்பாகம் முழுசாகக் கையோடு வரும்படி கழற்ற வேண்டும். குட்டி முளைப்பது அந்த அடியிலிருந்துதான். கிள்ளினால் அது தண்டிலேயே தங்கிவிடும். கழற்றிய கையோடு நடவும் கூடாது. மூன்று நான்கு நாள் நிழலில் கிடந்து காயம் காய வேண்டும். அப்புறம் மண்கலவையின் மேல் சும்மா கிடத்த வேண்டும், புதைக்கக் கூடாது. கலவைக்கு ஆற்று மணல் வேண்டும் என்கிறார்கள். வீடு கட்டுகிறவனுக்கே கிடைக்காத சாமான்! நான் எம்-சாண்டைச் சலித்து, தூளை உதறிவிட்டுப் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு இலையின் அடியில் இளஞ்சிவப்பாக, நூல்நூலாக வேர். வீட்டிலிருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வேர் வந்தது, வந்துகொண்டே இருந்தது, குட்டியைக் காணோம். பக்கத்து இலையில் மிளகளவுக்கு ஒரு குட்டி, அச்சு அசலாகத் தாய் மாதிரியே. அதற்கு வேர் இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்க வழியிருந்தால் நாள் பார்த்து நடத்தியிருப்பேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அம்மாவை என்ன செய்வது?

அம்மாவுக்கு 78 வயது. கறிவேப்பிலை, செம்பருத்தி, மல்லிகை என்று கைபட்டதெல்லாம் தழைத்த கை. அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட அந்தக் கைக்கு மனசு வராது. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், தட்டில் இலைகள் மிதக்கின்றன.

"யாரும்மா தண்ணி ஊத்தினது?"

"நான்தான்டா. வாய் வறண்டு கிடந்தது, பாவம். ஒரு வாய் ஊத்தினேன்."

இதற்குத் தண்ணீர்தான் எமன், இலைக்குள்ளேயே தண்ணீர் வைத்திருக்கிறது, வேரில் ஈரம் தங்கினால் அழுகிவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணி குடுத்தா சாகற செடியெல்லாம் ஒரு செடியாடா?" மறுநாள் ஆறு இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் விரலோடு வந்தன. 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி வைத்தேன். அடுத்த வாரமும் ஈரம். கேட்டால், கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லையாம்.

ஐப்பசி மழைக்குப் பயந்து தாய்ச்செடியை ஹாலுக்குள் கொண்டுவந்தேன். வெளிச்சம் போதாமல் நெட்டையாக நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, தாமரை கோரையாகிவிட்டது. அதிலும் மாவுப்பூச்சி. காதுகுடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு இலை இடுக்காகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். என் முதுகை நான் இவ்வளவு அக்கறையாகத் தேய்த்துக் குளித்ததில்லை.

இத்தனைக்கும் நடுவே, யாரும் கூப்பிடாமல் வந்தது ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பையன் நோட்டுக்குள் ஒரு ரணகள்ளி இலையை வைத்திருந்தான். நாமெல்லாம் பள்ளியில் வைத்த அதே இலை, 'கட்டிப்போட்டால் குட்டி போடும்'. மண் இல்லை, தண்ணீர் இல்லை, கணக்குப் பாடத்துக்கு நடுவிலேயே விளிம்பெல்லாம் குட்டி. போனால் போகிறதென்று ஒரு தொட்டியில் போட்டேன். அன்றிலிருந்து கறிவேப்பிலைத் தொட்டியில் இருக்கிறது, மழைநீர்க் குழாய் முடுக்கில் இருக்கிறது, ஏசி பெட்டியின் கீழே சொட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கிறது. அதுவும் அசலூர்தான், மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜெர்மானியக் கவிஞர் கதே இதை ஆசையாக வளர்த்து நண்பர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். எங்கள் அடுக்ககத்தில் நான் கொடுக்கப்போனால் கதவை மெதுவாகச் சாத்துகிறார்கள். எச்செவேரியா குட்டி இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அம்மாவுக்கு மட்டும் ரணகள்ளியைப் பிடித்துவிட்டது. "இதாண்டா செடி" என்கிறார்.

40 குட்டிகளுக்குக் குறையாமல் தயிர் டப்பாக்களில் எடுத்து, மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெல் அடித்துக் கேட்கக்கூட வேண்டாம். திருடி வைத்தால்தான் செடி நன்றாக வரும் என்பார்கள்.