சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் முதலாளிகள்

பூச்சோங் ஜெயாவிலிருந்து பண்டார் புத்திரி வரைக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெதுவாக வண்டி ஓட்டிப் பாருங்கள். எல்டிபி நெரிசலில் வேறு மாதிரி ஓட்டவும் முடியாது. உணவகம், முடிதிருத்தும் கடை, மினி மார்க்கெட், டயர் கடை, கார் கழுவுமிடம் என்று வரிசையாகக் கடைகள். கடைக்குக் கடை கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். 'ஜாவாத்தான் கொசோங்'. 'வேலைக்கு ஆள் தேவை'. சில கடைகளில் அந்த அட்டை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. ஆள் கிடைக்காமல் வெளுத்த அட்டை என்று நினைக்காதீர்கள். ஆள் வருகிறார்கள், போகிறார்கள். அட்டையைக் கழற்றுவதற்குள் அடுத்தவருக்கும் அது தேவைப்பட்டுவிடுகிறது.

வானொலியில் இந்த விஷயத்தை எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். முதலாளிகள் நேரலையில் அழைத்து, பெயர், கடை, ஊர் எல்லாம் சொல்லி மனம் திறந்து பேசுவார்கள். "நம்ம பிள்ளைங்களுக்கு உழைக்க மனசு இல்லம்மா. ஆயிரம் ரெண்டாயிரம்னு சம்பளம் மட்டும் கேக்குறாங்க." வேலை செய்கிறவர்கள் அழைப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார்கள். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: "பேரைச் சொல்லிடாதீங்க அக்கா."

அந்தச் செய்திகளில் சம்பளம் வரும். ஆனால் பெரும்பாலும் முதல் வரியில் வராது. முதல் வரி இப்படி இருக்கும்: "கஸ்டமர் முன்னாடி வச்சு கேவலமா திட்டுறாங்க."

இதைப் படிக்கும்போது எனக்கு 1941 ஆம் ஆண்டு கிள்ளான் ஞாபகத்துக்கு வரும். பூச்சோங்கிலிருந்து கிள்ளான் அப்படியொன்றும் தூரமில்லை. அந்த வருடம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்கள் பின்னால் நின்றது. அதில் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர். 1924 இல் தொடங்கி 2019 இல் நின்றுபோன அதே தமிழ் நேசன்தான்.

அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்திருக்கிறீர்களா? நம் பள்ளிப் பாடத்தில் அதைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும் என்பது அதில் ஒன்று. அதை எதிர்பார்க்கலாம், போரினால் ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த காலம். மற்றவற்றைப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்த வேண்டும். முறையான வைத்தியம் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் அத்துமீறுவது நிற்க வேண்டும். உறவினர்கள் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வர அனுமதிக்க வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக்கூடாது.

இவற்றோடு இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம்.

இதற்கு எத்தனை காசு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காசும் ஆகாது. தோட்ட நிர்வாகம் அன்றைக்கே 'சரி, ஓட்டிக்கொண்டே போ' என்று சொல்லியிருக்கலாம். சைக்கிள் அந்தத் தொழிலாளி தன் சொந்தக் காசில் வாங்கிய பொருள். வேலை முடிந்து தன் நேரத்தில் போகிறான். அங்கேயும் இறங்கி நில் என்றார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர உழைப்பை வாங்கியவர், மிச்ச நேரத்து மரியாதையையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

முடிவு நல்லபடியாக இல்லை. மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். துரைமார் மூட்டை கட்டினார்கள்.

தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. பூச்சோங்கிலேயே பாருங்கள், கின்ராரா என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வீடமைப்புப் பகுதி; பெரியவர்களுக்குத் தோட்டம். அன்றைக்கு ஸ்டேட்டில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கடை வைத்திருக்கிறார்கள், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். பெருமையோடு ஒரு கேள்வியும் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மேஜை நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "டேய், கண்ணு தெரியலையா, அந்த மேசைக்கு ரசம் யாரு ஊத்துறது?" என்று கத்துகிறாரே ஒரு முதலாளி, அவருக்கு இது எங்கிருந்து வந்தது? இருபது பேர் பார்க்க ஒருவரைச் சைக்கிளிலிருந்து இறக்கியது போலத்தானே இதுவும்.

"கண்டிக்காம எப்படிம்மா வேலை வாங்குறது?" என்று கேட்பார்கள். கண்டிக்கலாம். சமையற்கட்டுக்குப் பின்னால், கடை மூடிய பிறகு, இரண்டு நிமிடம் போதும். எது தப்பு, நாளைக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னால் அது வேலையைப் பற்றிய பேச்சு. கூட்டத்துக்கு நடுவில் கத்துவதில் வேலையைப் பற்றி எதுவும் இல்லை. சாப்பிட வந்தவருக்கும் சோறு இறங்காது.

1970 இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அமைப்பு ஒன்று கெட்டுப்போகும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு என்பது அவர் வாதம். ஒன்று, குரல் கொடுப்பது. இன்னொன்று, வெளியே போய்விடுவது. வெளியே போவது சுலபமாக இருக்கும் இடத்தில் குரல் குறைந்துபோகும் என்றார். கிள்ளான் தோட்டத்துத் தொழிலாளிக்கு வெளியே போக இடமில்லை. வீடு, கடை, பள்ளி எல்லாமே தோட்டத்துக்குள். அதனால் குரல் கொடுத்தான், குண்டடியும் பட்டான். இன்றைக்குப் பூச்சோங் பிள்ளைக்கு 2016 முதல் எல்ஆர்டி இருக்கிறது, கையில் மோட்டார் இருக்கிறது, போனில் உணவு விநியோகச் செயலி இருக்கிறது. அவன் எதற்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதப் போகிறான்? சம்பளம் வாங்கின மறுநாள் வரமாட்டான். போன் அடித்தால் எடுக்கமாட்டான். முதலாளிக்குக் கடைசி வரை காரணம் தெரியாது. தெரியாததால் 'உழைக்க மனசில்லை' என்ற காரணத்தைத் தானே எழுதிக்கொள்கிறார்.

சம்பளக் கணக்கையும் விட்டுவிடக்கூடாது. மரியாதை பேசிவிட்டுக் காசை மறைக்கிற ஆள் நான் இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கு அதே வருடம் ஆகஸ்டு 1 முதல். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, வார வேலை நேரம் 48 இலிருந்து 45 மணி ஆனது. இனி நம் உணவகத்துப் பையனை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு வருகிறான், இரவு 10 மணிக்குப் போகிறான், வாரம் 6 நாள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 66 மணி. 45 போக மிச்சம் 21 மணி நேரம் ஓவர்டைம். 1,700 ஐ 26 ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். எட்டு மணி நேர நாளாக வைத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 சென். 21 மணி நேரத்துக்கு ஒரு வாரத்தில் 257 வெள்ளி. நான்கு வாரத்துக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆக மொத்தம் 2,700 வெள்ளிக்கு மேல் வருகிறது.

'எல்லாம் சேர்த்து 2,200, சாப்பாடு ஃப்ரீ' என்று சொல்லும் முதலாளி தன்னைத் தாராள மனசுக்காரர் என்றே நம்புகிறார். பையன் இந்தக் கணக்கைப் போனில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுகிறான். அவன் வாய் திறந்து கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கடை நடத்துகிறவர் பாடும் எனக்குத் தெரியும். வாடகை, கோழி விலை, கியாஸ், மின்சாரம், சாப்பாட்டு விலையை ஒரு வெள்ளி ஏற்றினால் முகம் சுளிக்கிற வாடிக்கையாளர். உண்மை. ஆனால் காசு கட்டுப்படியாகவில்லை என்றால் நேரத்தைக் குறைக்கலாமே? வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை. அப்புறம் ஆறு மணி வரைக்கும் காலி மேசையையே நாலு முறை துடைக்கிற ஆளுக்கும் நீங்கள்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். மத்தியானம் மூடிவிட்டுச் சாயங்காலம் திறக்கிற கடைகள் இருக்கின்றன, திங்கட்கிழமை அடைக்கிற கடைகள் இருக்கின்றன. அவை ஒன்றும் நொடித்துப் போய்விடவில்லை.

இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். முடிதிருத்தும் கடை, துணிக்கடை, பொற்கொல்லர் தொழில் மூன்றுக்கும் 2009 முதல் அந்நியத் தொழிலாளர் எடுக்கத் தடை இருந்தது. 2023 இல் இந்த மூன்றுக்குமாக 7,500 பேரை எடுத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதி அறிவித்தபோது நம் வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். அவர்கள் கஷ்டத்துக்கு அது நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் ஊரிலிருந்து வரும் அந்தத் தம்பியின் நிலையைப் பாருங்கள். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில். பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. குரல் கொடுத்தால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பல இடங்களில் பாஸ்போர்ட்டும் முதலாளி மேசை டிராயரில். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியின்றி வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 'பத்திரமா வச்சிருக்கேன்' என்பது பதில் ஆகாது. அவனை வேலைக்கு வைத்தவர் 'இவன் நல்ல பையன், வாயே திறக்கமாட்டான்' என்று என்னிடம் மெச்சிக்கொண்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அப்புறம் அந்த இடைப்பட்ட ஆள். தோட்டத்தில் கங்காணி இருந்தார். வேலைக்கு வந்து நின்ற ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. தலை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று துரையிடம் சொல்வது அவருக்குத் தேவையில்லாத வேலை. நம் கடைகளில் அந்த இடத்தில் முதலாளியின் மச்சானோ மருமகனோ உட்கார்ந்திருக்கிறார். முதலாளி வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், அவர் கார் கிளம்பியதும் நிலைமை வேறு. விடுப்புக் கேட்டவனுக்கு மறுநாள் கக்கூஸ் கழுவும் வேலை. ஒரு பெண் பிள்ளை வந்து குறை சொன்னால் முதலில் அவளிடம்தான் விசாரணை. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று வேலைச் சட்டம் இப்போது சொல்கிறது. கடைக்குள் நுழையும்போதெல்லாம் அதைத் தேடுகிறேன். லட்சுமி படமும் வியாபார லைசென்ஸும் இருக்கின்றன. அந்த அறிவிப்பு அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

'குறை சொன்னவனைப் பழிவாங்கக்கூடாது' என்று 1941 இல் கேட்டார்களே, நிர்வாகம் என்று பார்த்தால் அந்தப் பட்டியலிலேயே முதலாளிக்கு அதிக லாபம் தரும் கோரிக்கை அதுதான். பால் திரிந்தது, கல்லாவில் இருபது வெள்ளி குறைகிறது, புது வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போனார், எதுவானாலும் முதலில் தெரிவது மேசை துடைக்கிற ஆளுக்குத்தான். சொல்லலாம் என்ற தைரியம் இருந்தால் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தில்தான் பார்ப்பீர்கள்.

பூச்சோங்கில் எனக்குத் தெரிந்த அழகு நிலைய உரிமையாளர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். ஒரே வருடத்தில் அவர் கடையிலிருந்து மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். மூவருக்கும் அவரே போன் செய்தார். திரும்பக் கூப்பிடவில்லை. "ஏன்மா போனே, சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்" என்று மட்டும் கேட்டார். இருவர் எடுக்கவில்லை. மூன்றாவது பெண் நாற்பது நிமிடம் பேசினாளாம். சம்பளம் அதில் இரண்டு நிமிடம். மிச்சம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்த தம்பி மகனைப் பற்றி.

தம்பி மகன் இப்போது சாமான் வாங்குகிற வேலையைப் பார்க்கிறார். கல்லாவில் வேறொரு பெண். வாசலில் ஒட்டியிருந்த அட்டையைப் போன மாதம் கழற்றிவிட்டார்கள். பசை காய்ந்த தடம் மட்டும் கண்ணாடியில் இன்னும் போகவில்லை.