ஈரத் துணி வைத்தியம்

அம்பாஸடர் காரில் ஏற்காடு போய் வந்த குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏரியைப் பற்றியா சொல்வார்கள்? 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் கார் படுத்தது, யாருடைய துண்டை நனைத்துப் போட்ட பிறகு கிளம்பியது என்பதைத்தான் சொல்வார்கள்!

இந்த ஈரத் துணியில் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் விலாவிலேயே ஒட்டிக் கொண்டிருக்கும். மேடு ஏறி என்ஜின் கொதித்தால் பம்பும் கொதிக்கும். உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கப் பிறந்த பம்பு ஆவியை எப்படி இழுக்கும்? துணியிலுள்ள நீர் காயும்போது சூட்டையும் கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே? இப்போது வரும் பெட்ரோல் கார்களில் பம்ப், டாங்கிக்குள்ளேயே உட்கார்ந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. துண்டுக்கு வேலை போயிற்று.

ரேடியேட்டர் கொதிப்பது வேறு விஷயம். அவசரக்காரர் யாராவது மூடியைத் திறக்கப் போனால் கையைப் பிடித்து இழுங்கள். வெயிட் இறங்காத பிரஷர் குக்கரை நாம் திறப்போமா? அதே கதைதான் இதுவும். திறந்தால் வெந்நீர் முகத்தில் சீறும். அரை மணி பொறுத்தால் ஊர் ஒன்றும் ஓடிப் போய்விடாது.

ஆனால் நின்று போகிற காரைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. நிற்காத காரைப் பற்றித்தான் பயம். அந்த நாளைய அம்பாஸடரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மலை இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி விரியும். உள்ளே உள்ள பட்டையின் பிடிப்பும் குறையும். மிதித்தால் மிதிபட்டுக் கொண்டே இருக்கும், கார் கேட்காது. பிரேக் எண்ணெய் பழசானால் இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் குமிழி விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. இங்கே ஈரத் துணி வைத்தியம் செல்லாது. சுட்ட டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

உத்தர்பாராவில் அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. தாத்தாவின் நினைவாக இன்னும் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. துடைத்துத் துடைத்து வெளியே பளபளவென்று வைத்திருப்பார்கள். மெக்கானிக் வந்தால், பெயிண்டைப் பார்க்கச் சொல்லுமுன் நாலு டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற கெட்டிக்காரர் உங்கள் வீட்டிலும் இருந்தால், பின் ஸீட்டிலிருந்தே, "இரண்டாவது கியரைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முறைப்பார். முறைக்கட்டுமே!