உயரக் குறைவும் வயிற்றுப் பருமனும்

"எங்கள் குடும்பத்தில் எல்லாருமே குள்ளம், டாக்டர், அதனால்தான் பருமனாகத் தெரிகிறது." புறநோயாளிகள் பிரிவில் இவ்விளக்கத்தை அடிக்கடி கேட்கிறேன். தோற்றத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் மறுப்பதற்கில்லை. நோயைப் பொறுத்தவரையிலோ உயரம் குறைந்தவருக்கு அதே எடை கூடுதல் சுமையாகும். 58 கிலோ எடையுள்ள பெண் 165 செ.மீ. உயரம் இருந்தால் அவருடைய உடல் நிறை குறியீட்டெண் 21, 150 செ.மீ. உயரமெனில் ஏறத்தாழ 26. இந்தியர்களுக்கு 25 என்பதே உடற்பருமனின் தொடக்கம்.

அந்த எண்ணும் முழு உண்மையைக் கூறிவிடாது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்துடனேயே இதை அவர்கள் வெளியிட்டனர். கைகால் மெலிந்தும் வயிறு முன்தள்ளியும் இருக்கும் நம்மவர் உடல்வாகுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அளவுக்கு மீறிப் புடைத்த கொழுப்புச் செல்களுக்குப் பிராணவாயு போதுமான அளவு எட்டுவதில்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து குவிகின்றன. 'ஃப்ரீ ரேடிக்கல்' முதலிய, எதையும் தாக்கவல்ல மூலக்கூறுகள் அங்கே பெருகி, உடலின் தற்காப்பையும் விஞ்சிவிடுகின்றன. இந்நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். இன்சுலினின் ஆணை செல்லுக்குள் எட்டாமற்போவதிலும், இரத்தக்குழாய்ச் சுவர் கெடுவதிலும் இதற்குப் பங்குண்டு.

உயரக் குறைவு தன்னளவில் நோயன்று. பெற்றோரின் மரபாகவும் இருக்கலாம். ஆயினும் கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் ஊட்டமின்மையாலும் ஓயாத வயிற்றுப்போக்காலும் வளர்ச்சி குன்றியவருக்குத் தசையும் குறைவாகவே அமைகிறது. உண்ட சர்க்கரையை ஏற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான இடம் தசையே. இடம் சிறிதாகவும் வரவு பெரிதாகவும் இருந்தால் மிச்சம் வயிற்றிலும் கல்லீரலிலும்தான் சேரும்.

அந்த வரவு நம் தஞ்சைப் பகுதியில் குறையவே இல்லை. நாற்றுப் பறித்து நடவு நட்டு, கதிரறுத்துக் களத்துமேட்டில் கட்டடித்த காலத்தில் உண்ட சோற்றின் அளவு, நடவும் அறுவடையும் இயந்திரத்துக்குப் போன பின்னும் பல வீடுகளில் மாறவில்லை. நெல் விளையும் மண்ணில் சோற்றைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மூன்று வேளையும் குவித்து, காய்கறியை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தைத்தான் குறை கூறுகிறேன்.

இதைத் திருத்துவதை விடுத்து, 'ஆன்டிஆக்சிடன்ட்' மாத்திரைகளுக்கு மாதாமாதம் பணம் செலவிடுவோரைக் காண்கையில் வருத்தமே மிஞ்சுகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. 1994இல் வெளியான முடிவு இது. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் ஏற்பட வேண்டிய நன்மை கிட்டவில்லை என்று 2009இல் ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. பயிற்சியின்போது தோன்றும் சிறிதளவு அழுத்தமே உடலின் தற்காப்பைத் தூண்டுகிறது போலும். பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் வேறு. அதை நிறுத்த வேண்டாம்.

வீட்டிலுள்ள தையல் நாடாவே போதும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றளவை எடுங்கள். அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்; 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு 75. மீறியிருந்தால் அடுத்த வருகையில் அந்த எண்ணைக் குறித்து எடுத்து வாருங்கள். சோற்றைக் குறைத்து முருங்கைக்கீரை, அவரை, பயறு ஆகியவற்றைக் கூட்டலாம், நாள்தோறும் நடக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சோற்றின் அளவை மாற்றுமுன்னும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையையும் பயறையும் கூட்டுமுன்னும் எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.