பேருக்குக் கட்டுரை

அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சி இடம் வாங்க என்ன செய்யவேண்டும் என்று ஹவுஸ் சர்ஜன் முடித்த பிள்ளைகளைக் கேட்டால், முதலில் வரும் பதில் “பப்ளிகேஷன் சேர்க்கணும்” என்பதுதான். எத்தனை என்று கேட்டால், முடிந்த அளவுக்கு என்பார்கள். யாரோ ஒரு சீனியர் இருபது வைத்திருந்தாராம், மேட்ச் ஆகி இடம் கிடைத்துவிட்டதாம். இந்த நம்பிக்கை தவறு, அதோடு விண்ணப்பதாரருக்கே கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 2022 ஜனவரிக் கடைசி வரை அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1-க்கு மூன்றிலக்க மதிப்பெண் இருந்தது. நம் கல்லூரியின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அந்த எண்ணைக் காட்டித்தான் வெளிநாட்டுப் பட்டதாரி கதவைத் தட்டினார். பிறகு அது வெறும் பாஸ், ஃபெயில் ஆனது. எண்ணிக் காட்ட வேறொன்று தேவைப்பட்டது. அடுத்த தேர்வான ஸ்டெப் 2 சி.கே.யில் மதிப்பெண் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை ஏற்ற ராத்திரி பகலாகப் படிக்கவேண்டும். கட்டுரை எண்ணிக்கையை ஏற்றக் காசு போதும்.

ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் அட்டவணையையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதில் ஆய்வுச் சுருக்கம், மாநாட்டில் படித்தது, அச்சான கட்டுரை மூன்றும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் வருகிறது. ஒரு கேஸ் ரிப்போர்ட் சுருக்கமாகி, போஸ்டராகி, கட்டுரையும் ஆனால் கணக்கில் மூன்று. நரம்பு அறுவை சிகிச்சைக்கும் தோல் மருத்துவத்துக்கும் அந்த எண் எகிறி நிற்பது உண்மை. அதைப் பார்த்து இன்டர்னல் மெடிசினுக்கோ ஃபேமிலி மெடிசினுக்கோ போகிறவர் ஏன் நடுங்கவேண்டும்? யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவீர்கள் என்று இதே அமைப்பு புரோகிராம் டைரக்டர்களிடமும் கேட்டு வெளியிடுகிறது. பரிந்துரைக் கடிதம், சுயகுறிப்பு, தேர்வில் தவறியதுண்டா என்பவையெல்லாம் ஆய்வு ஈடுபாட்டுக்கு மேலே நிற்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை!

அனுப்பப்படுவது வேறு: “சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, முதல் பெயருக்கு இவ்வளவு, நான்காவது பெயருக்கு இவ்வளவு.” கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் போடுவது மாதிரி முகம் பார்த்திராத பத்துப் பேர் ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள். நேர்காணலில் ஒரு பேராசிரியர் சாதாரணமாக, “இந்த ஆய்வுகளை எந்த அடிப்படையில் சேர்த்தீர்கள், எதை விலக்கினீர்கள்?” என்று கேட்டால் போதும், முகம் வெளிறிவிடும். பெயரை விற்றவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார். விண்ணப்பத்தில் பொய் இருப்பதாகப் புகார் போனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் விசாரிக்கும், அதுவும் தெரிந்திருக்கட்டும்.

இது தனி ஒருவரின் தலையெழுத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2024 ஜனவரியில், நேபாளத்தோடு தொடர்புடைய 832 பேரின் யு.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண்களை முறைகேட்டுச் சந்தேகத்தில் செல்லாது என்று அறிவித்தார்கள். அதன்பின் நேர்மையாக எழுதித் தேறிய நேபாளப் பிள்ளைகளையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். காசுக்கு வாங்கிய கட்டுரைகள் குவிந்தால் அதே பார்வை நம் பக்கமும் திரும்பும்.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்றிரண்டு வருடம் ஆய்வு செய்தவர்களுக்கு இடம் கிடைப்பதை நானும் பார்க்கிறேன். அங்கே வேலை செய்தது எது? தினமும் அவர்களைப் பார்த்த பேராசிரியர் எழுதிய கடிதம், தெரிந்த டைரக்டருக்கு அவர் செய்த ஒரு போன். கட்டுரை அதற்குப் பிறகுதான்.

கடிதம் என்றதும் அப்சர்வர்ஷிப் ஞாபகம் வரும். நோயாளியைத் தொடக்கூடாது, ஓரமாக நின்று பார்க்கலாம். ஏஜென்சிக்கு ஆயிரக்கணக்கான டாலர். அப்படி நின்றவரைப் பற்றி மருத்துவர் என்ன எழுதுவார்? நேரத்துக்கு வந்தார், ஆர்வமாக இருந்தார் என்று எழுதுவார். படிக்கும்போதே எலெக்டிவ் என்னும் மாணவப் பயிற்சிக்குப் போகிறவருக்குக் கைவைத்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அந்த வயதில் நம் பிள்ளைகள் கட்டுரைக் குழுவில் இருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இன்னொன்றில். ரெசிடென்சிக்கான ஈராஸ் இணைய விண்ணப்பத்தில் அனுபவங்கள் பத்துக்கு மேல் போடமுடியாது. அதில் மூன்றைத்தான் முக்கியமானவையாக விரித்து எழுதலாம். அரசு மருத்துவமனையில் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவரிடம் என்னவெல்லாம் இருக்கிறது! பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றி விடியும்வரை கண்மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பாம்பு கடித்தவரின் ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று குழாயைச் சாய்த்துப் பார்த்தது, எலி பேஸ்ட் தின்ற பெண்ணின் ஈரல் கெட்டுக்கொண்டே போவதை வீட்டாருக்கு விளக்கியது. அமெரிக்க மாணவர் பலர் பார்த்தே இராத வைத்தியம் இது. இதையெல்லாம் ஒரு வரியில் முடித்துவிட்டு, மூன்று இடத்திலும் ‘ரிசர்ச் வாலன்டியர்’ என்று எழுதிவைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் புரட்டுகிற கை அங்கே ஏன் நிற்கும்?

காலக்கணக்கும் இருக்கிறது. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குமேல் ஆனவர்களைப் பல புரோகிராம்கள் பார்ப்பதே இல்லை. சில இடங்களில் மூன்று வருடம்தான். சி.வி.யைக் கொழுக்கவைக்க இரண்டு வருடம் வீட்டில் உட்காருகிறவர், நோயாளியை விட்டும் விலகுகிறார், அந்த வரம்பையும் நெருங்குகிறார். அதே நேரத்தில் உள்ளூரில் மருத்துவராக வேலை பார்த்தாலே இடைவெளி விழாது. எந்தப் புரோகிராமுக்கு நிஜமாகவே ஆசைப்படுகிறோம் என்று சொல்லும் ‘சிக்னல்’ முறையும் வந்துவிட்டது: 2025 சுழற்சியில் இன்டர்னல் மெடிசினுக்குத் தங்கம் 3, வெள்ளி 12. நம்மைப்போன்றவர்களை முன்பு எடுத்த இடம் எது, எந்த விசா கொடுக்கிறார்கள் என்று தேடி அவற்றை வைப்பது சில நாள் வேலை. அதற்கு நேரமில்லை என்கிறார்கள்.

2025 மேட்சில், அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் சுமார் 58 விழுக்காட்டினருக்கே இடம் கிடைத்தது. மீதிப் பேரில் ஒருவராகிவிடுவோமோ என்ற பயம்தான் கட்டுரை வியாபாரிகளின் முதல்.

பெற்றோருக்குச் சொல்கிறேன்: கட்டுரையில் பெயர் போடப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஈராஸின் 2025 சுழற்சி விண்ணப்பக் கட்டணப்படி ஒரு துறையில் முதல் 30 புரோகிராம்களுக்குத் தலா 11 டாலர், அதற்குமேல் தலா 30 டாலர். அந்தப் பணம் இதற்கு ஆகும்.